கண்ணாடி இல்லாத வீடு: கொல்லிமலையில் தாழ்மையின் வரலாறு ஒன்று

புறநானூற்றின் 152ஆம் பாடலை ஒவ்வோர் ஆண்டும் முதுகலை மாணவர்களுக்கு நடத்தி வருகிறேன். வன்பரணர் வல்வில் ஓரியைப் பாடியது. காட்டு வழியே செல்லும் பாணர் கூட்டம் ஒரு வேட்டுவனைக் காண்கிறது. அவன் எய்த அம்பு யானையை வீழ்த்துகிறது; அத்தோடு நில்லாமல் புலி, மான், பன்றி என்று ஒவ்வொன்றாகத் துளைத்து, இறுதியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. இவன் வெறும் வேட்டுவன் அல்லன், செல்வன் போல் தெரிகிறான், ஒருவேளை ஓரிதானோ என்று ஐயுற்றுப் பாணர்கள் பாடத் தொடங்குகிறார்கள். பாட்டின் முடிவில் 'கோ' என்று விளித்தபோது, அது தன்னைக் குறிக்கும் பெயராகையால் அவன் நாணுகிறான். உனக்கு நிகரான வேட்டுவர் இல்லை என்று அவர்கள் மேலும் சொல்ல முற்படும்போது, தாங்கள் வேண்டி வந்ததைச் சொல்லவும் விடாமல், மான் இறைச்சியும் மதுவும் மலையில் பிறந்த பொன்னும் மணியும் கொடுத்து அனுப்பிவிடுகிறான். அவனே ஓங்கிய கொல்லிமலையின் தலைவன் என்று பாடல் முடிகிறது.

அம்பின் ஆற்றலைத்தான் பாடநூல்கள் பெரிதாகப் பேசும். எனக்கோ அந்த நாணம்தான் பெரிதாகப் படுகிறது. புகழ்தான் மனிதன் ஈட்டக்கூடிய ஒரே நிலைத்த பொருள் என்று நம்பிய காலம் அது. புகழுக்காக உயிரைக் கொடுத்தவர்களுக்கு நடுகல் நாட்டிய சமூகம் அது. அங்கே ஒருவன் தன் பெயர் காதில் விழுந்ததும் கூசுகிறான் என்று எழுதிவைக்க ஒரு புலவருக்குத் தோன்றியிருக்கிறது. சென்ற ஆண்டு இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "ஐயா, புகழ் வேண்டாம் என்று நாணினவனை வன்பரணர் பாடியே ஆகவேண்டுமா? அப்படிப் பாடினால் அந்த நாணத்துக்கு என்ன மரியாதை?" அன்று எனக்கு விடை தெரியவில்லை. இக்கட்டுரை அந்த மாணவிக்கு நான் தாமதமாகச் சொல்லும் விடை. அந்த விடையை நான் கண்டதும் கொல்லிமலையில்தான். ஆனால் சங்க காலத்துக் கொல்லியில் அன்று, இருபதாம் நூற்றாண்டுக் கொல்லியில்.

கதைக்குள் போகுமுன் இரண்டு சொற்களைப் பற்றிப் பேச வேண்டும். கிறித்தவத் தமிழில் அடிக்கடி கேட்கும் சொற்கள் 'தாழ்மை', 'மகிமை'. தன்னைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும், எல்லா மகிமையையும் கடவுளுக்கே செலுத்த வேண்டும் என்பது அச்சமயத்தின் நடுநாயகமான பாடங்களில் ஒன்று. கடவுளே தம் நிலையை விட்டு இறங்கி மனிதனானார், அடிமையின் கோலம் எடுத்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே அடியவனுக்கும் இறங்குவதே வழியாகிறது. கிறித்தவ வாழ்வுக்கு முதலாவதும் இரண்டாவதும் மூன்றாவதும் தாழ்மையே என்ற பொருள்பட நான்காம் நூற்றாண்டில் பிறந்த அகஸ்டின் எழுதினார். ஜெர்மானிய இசைமேதை பாக் தம் இசைக் கையெழுத்துப் படிகள் பலவற்றின் இறுதியில், 'கடவுளுக்கு மட்டுமே மகிமை' எனப் பொருள்படும் இலத்தீன் தொடரின் மூன்று முதலெழுத்துகளை இட்டு முடித்தார். தாம் செய்த வேலையின் அடியில் தம் பெருமைக்கு இடம் வைக்காத பழக்கம் அது.

ஆனால் தமிழில் 'தாழ்' என்ற அடிச்சொல்லுக்கு இன்னொரு கனமும் உண்டு. 'தாழ்த்தப்பட்டோர்' என்ற சொல்லை அறிந்த நாம், தாழ்மையைப் போற்றும் எந்தப் பேச்சையும் சற்றே ஐயத்துடன் கேட்க வேண்டியவர்கள். ஏற்கெனவே பிறரால் தாழ்த்தப்பட்டவனைப் பார்த்து, தாழ்மையாயிரு என்று போதிப்பது அறமாகாது. அது அவன் தலைமேல் இன்னொரு கல்லை ஏற்றுவது. இறங்குவதற்கு ஓர் உயரம் இருப்பவருக்குத்தான் தாழ்மை என்ற அறம் பொருந்தும். எனவே தாழ்மையின் வரலாற்றை எழுதுகிறவன் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். இவர் எந்த உயரத்திலிருந்து இறங்கினார்? இவர் இறங்கியதால் வேறு யாராவது நிமிர்ந்தார்களா?

இந்தக் கேள்விகள் கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்குப் புதியவை அல்ல. 1623இல் மதுரையிலிருந்து புறப்பட்ட இராபர்ட் டி நொபிலி, சேந்தமங்கலம் வழியாகவே சேலத்துக்குச் சென்றார். இத்தாலிய உயர்குடியில் பிறந்து, காவி உடுத்து, புலால் நீக்கி, ஒருவேளை உணவு உண்டு, தமிழும் வடமொழியும் பயின்று தத்துவ போதகராக உலவியவர். தம் நாட்டு உடையையும் உணவையும் வழக்கங்களையும் விட்டு அவர் இறங்கியது மெய். ஆனால் இங்கே வந்து இறங்கிய இடம் சாதி அடுக்கின் மேல்தட்டு. உயர்குடியினரிடம் பழகத் தடையாகும் என்று, தாழ்ந்தவராகக் கருதப்பட்டோரிடமிருந்து விலகியே வாழ்ந்தார். தமிழ் உரைநடைக்கு அவர் செய்த தொண்டில் எனக்கு ஐயமில்லை. எனினும் ஒரு மனிதர் தம் உடலைத் தாழ்த்திக்கொண்டு, சமூக நிலையை உயர்த்திக்கொள்ளவும் கூடும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

ஏறக்குறைய 290 ஆண்டுகள் கழித்து அதே சேந்தமங்கலத்திலிருந்து ஒரு தம்பதியர் மலையேறினர். ஜெஸ்ஸி மான் பிராண்ட் 1885இல் பிறந்தவர். ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் என்னும் சிறிய ஆங்கிலச் சபைப் பிரிவின் மிஷனைச் சேர்ந்தவர். மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். மிஷனரிகளுக்கென நடந்த மருத்துவப் பயிற்சியை மட்டும் பெற்றிருந்தார். மனைவி ஈவ்லின் ஹாரிஸ் 1879இல் பிறந்தவர், கணவரைவிட மூத்தவர். இலண்டனில் வசதியான குடும்பம். நல்ல உடைகளும் ஓவியப் பயிற்சியும் வாய்த்த இளமை. இருவருக்கும் 1913இல் திருமணம் நடந்தது. அன்றே மலையேறத் தொடங்கினார்கள் என்றும் வழியில் பெருமழை பிடித்துக்கொண்டது என்றும் வாழ்க்கை வரலாற்று நூல் கூறுகிறது. இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிற மலை அது. அன்று சாலை இல்லை. ஏறுவதென்றால் நடக்க வேண்டும், அல்லது டோலியில் நான்கு பேர் தோளில் போக வேண்டும். ஒரு பெட்டி வேண்டுமானாலும் ஒரு பலகை வேண்டுமானாலும் யாரோ ஒருவரின் தலைச்சுமையாகத்தான் மேலே போகும்.

மலையில் வாழவந்திநாட்டுப் பகுதியில் அவர்கள் குடியேறினர். தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினர் நாடு நாடாகப் பிரிந்து வாழும் மலை அது. மலேரியா மிகுந்தது, வெளியார் அஞ்சிய இடம். ஜெஸ்ஸி பல் பிடுங்கினார், புண் கழுவினார், தச்சு வேலை கற்றுக்கொடுத்தார், பட்டுப்புழு வளர்க்கச் சொன்னார், பள்ளி நடத்தினார். ஆனால் எந்த நோக்கத்துக்காக வந்தார்களோ அதில் பல ஆண்டுகள் தோல்விதான். மருந்து வாங்க வந்தவர்கள் மதம் மாற முன்வரவில்லை. வட்டாரத்துப் பூசாரி ஒருவரின் எதிர்ப்பும் இருந்தது.

1918-19ஆம் ஆண்டுகளில் இன்ஃபுளுவென்சா காய்ச்சல் உலகெங்கும் பரவியபோது நிலைமை மாறியது. இந்தியாவில் மட்டும் இறந்தவர்கள் ஒரு கோடிக்கு மேல் என்பது மதிப்பீடு. மலைக் கிராமங்களில் காய்ச்சல் கண்ட வீட்டைப் பிறர் நெருங்க அஞ்சினர். பிராண்ட் தம்பதியர் அரிசிக் கஞ்சியைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். எதிர்த்துவந்த பூசாரியும் நோயில் வீழ்ந்தார். அவரிடமும் சென்றார்கள். இறக்கும் தறுவாயில் அவர் தம் குழந்தைகளை இவர்கள் பொறுப்பில் ஒப்படைத்தார் என்று மிஷன் தரப்பு நூல்கள் சொல்கின்றன. இக்கதையைப் பூசாரியின் சுற்றத்தார் எழுதியிருந்தால் வேறு விதமாகவும் இருந்திருக்கலாம் என்பதை வரலாற்று மாணவன் மறக்கக் கூடாது. ஆயினும் ஒன்று தெளிவு. மலை அவர்களை ஏற்றுக்கொண்டது சொற்பொழிவுக்காக அன்று, கஞ்சிக்காக.

பால் என்ற மகன் 1914இல் பிறந்தான். பின்னர் கானி என்ற மகள். மலையில் வெறுங்காலோடு மரமேறி வளர்ந்த குழந்தைகள். 1923இல் படிப்புக்காக இருவரையும் இங்கிலாந்தில் உறவினரிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் கொல்லிமலைக்குத் திரும்பினர். மகனுக்கு அப்போது 9 வயது. தந்தையை அவன் மீண்டும் பார்க்கவில்லை. 1929 ஜூனில், மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி 44 வயதில் இறந்தார். தந்திச் செய்தி முதலில் போய்ச் சேர்ந்துவிட்டது. கப்பலில் புறப்பட்டிருந்த தந்தையின் கடிதங்கள் அதன் பின்னரும் சில வாரங்களுக்கு மகனுக்கு வந்துகொண்டிருந்தன. தொண்டு வாழ்க்கைகளைப் போற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவார்கள். பெற்றோரின் தியாகத்துக்குக் குழந்தைகளும் சேர்ந்துதான் விலை கொடுக்கிறார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. அதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

கணவர் இறந்தபோது ஈவ்லினுக்கு வயது 50 ஆகியிருந்தது அல்லது நெருங்கிக்கொண்டிருந்தது. இங்கிலாந்து சென்று மீண்டும் வந்தார். தனியே மலையில் இருக்க மிஷன் ஒப்பவில்லை. சமவெளியில் பணியாற்ற வைத்தது. இளமையில் கணவனும் மனைவியும் கொல்லிமலையோடு சேர்த்துச் சுற்றிலும் உள்ள ஐந்து மலைத்தொடர்களுக்கும் பணியைக் கொண்டுசெல்வதென்று உறுதி பூண்டிருந்தனர். அந்த நினைவோடு அவர் பல ஆண்டுகள் கீழிருந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்திய விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில், அவர் 70 வயதை நெருங்கியபோது, ஓய்வு பெறும்படி மிஷன் சொல்லிவிட்டது. இன்னும் ஓர் ஆண்டு மட்டும் கொடுங்கள் என்று மன்றாடி வாங்கினார். அந்த ஆண்டு முடிந்ததும் வழியனுப்ப வந்தவர்களிடம், நான் மிஷனிலிருந்து விலகிவிட்டேன், ஊருக்குப் போகவில்லை, மலைக்குப் போகிறேன் என்று அறிவித்தார். சொந்தப் பணத்தில் மலைமேல் ஒரு சிறு குடிலைக் கட்டிக்கொண்டார்.

ஆங்கில ஆட்சி மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஓர் ஆங்கிலப் பெண்மணி அமைப்பின் ஆதரவும் பதவியும் இல்லாமல் மலையேறியதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1913இல் அவர் ஏறியபோது அவருக்குப் பின்னால், அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், ஒரு பேரரசின் நிழல் இருந்தது. வெள்ளைத் துரைசானியின் பேச்சுக்குத் தாசில்தாரும் மணியக்காரரும் கொடுத்திருக்கக்கூடிய மதிப்பு அந்த நிழலுக்கு உரியது. இப்போது அது இல்லை. மிஷனும் இல்லை. கணவர் இல்லை. மட்டக்குதிரை ஒன்றின் மேல் மருந்துப் பையுடன் கிராமம் கிராமமாகப் போகும் ஒரு கிழவி மட்டுமே மிச்சம். அடுத்த கால் நூற்றாண்டுக் காலம் அப்படித்தான் வாழ்ந்தார். 'கிரானி பிராண்ட்', அதாவது பிராண்ட் பாட்டி என்ற பெயரில் உலகம் அவரை அறிந்துகொண்டது அதற்குப் பிறகுதான். டாரதி கிளார்க் வில்சன் எழுதிய அவரது வாழ்க்கை வரலாறு 1976இல், அவர் இறந்த பின்னரே வெளிவந்தது.

அந்தக் குடிலைப் பற்றி மகன் பால் பிராண்ட் பிற்காலத்தில் பதிவு செய்த செய்தி ஒன்று உண்டு. வாழ்வின் கடைசி 20 ஆண்டுகள் அவர் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை. இளமையில் அழகும் உடைநயமும் கொண்டவர், ஓவியக் கண் உள்ளவர். வெயிலும் காய்ச்சலும் முதுமையும் அம்முகத்தை ஆழமாகச் சுருக்கியிருந்தன. அந்த முகத்தை அவர் வெறுக்கவில்லை. அதைப் பற்றி நினைப்பதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

தாழ்மையைப் பற்றி நான் படித்த நெடிய விளக்கங்களைவிட இந்தச் சிறு செய்தி எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. 'நான் ஒன்றுமில்லாதவன், பாவி, புழு' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பவனும் தன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறான். கண்ணாடியின் முன் நின்று அழகைப் புகழ்வதும் அழகின்மையைப் பழிப்பதும் ஒன்றுதான். இரண்டுக்கும் கண்ணாடி வேண்டும். தாழ்மை என்பது தன்னைக் குறைத்து மதிப்பிடுவது அன்று, மதிப்பிடும் வேலையையே விட்டுவிடுவது என்று ஈவ்லின் வாழ்க்கையைக் கொண்டு நான் புரிந்துகொள்கிறேன். மகிமை கடவுளுக்கே என்ற தொடருக்கும் அவர் வாழ்வில் இதுவே பொருள். பார்வை தன்னிடமிருந்து நீங்கினால், அது எதிரே இருப்பவனின் புண்ணின் மேல் போய் நிற்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாழ்மையானவர் பணிந்துபோகிறவராக இருப்பார் என்பது பொது எண்ணம். ஈவ்லின் அப்படி இல்லை. அவருடன் பழகுவது எளிதன்று என்றே எல்லாக் குறிப்புகளும் காட்டுகின்றன. மிஷன் நிர்வாகத்துக்குக் கீழ்ப்படியவில்லை. 75ஆம் வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, வேலூரில் அறுவை மருத்துவராயிருந்த மகன் வந்து, இனியாவது மலையை விட்டு இறங்குங்கள் என்று கெஞ்சினார். இந்த உடம்பைக் காப்பாற்றி வைத்து என்ன செய்யப்போகிறேன் என்ற கருத்தில் மறுத்துவிட்டார். இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு நடந்தார். குதிரைமேல் மற்றவர்கள் ஏற்றிவிட ஏறிப் போனார். இது பிடிவாதமா, தாழ்மையா? இரண்டும் கலந்தது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. தன் வசதிக்காகப் பிடிவாதம் பிடிப்பவரும் உண்டு. தன்னைச் செலவழித்துவிடுவதற்காகப் பிடிவாதம் பிடிப்பவரும் உண்டு. பின்னவரிடம் மேலதிகாரிகள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. அவர் முடிவுகள் எல்லாமே சரியானவை என்று நான் வாதாடவில்லை. பணிவும் தாழ்மையும் ஒன்றல்ல என்பதற்கு இது போதுமான சான்று என்கிறேன்.

மகனைப் பற்றியும் சில வார்த்தைகள். பால் பிராண்ட் முதலில் கற்றது கட்டட வேலை. தச்சும் கொத்தும் பழகிய பின்னரே மருத்துவம் படித்தார். 1946இன் இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு, செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துச்சென்று நோயாளிகளைக் காட்டினார். மடங்கி முடங்கிய ஒரு கையைப் பிடித்துப் பார்த்தபோது, அதில் பிடியின் வலிமை மிச்சமிருப்பதை உணர்ந்தார். எல்லாத் தசைகளும் செத்துவிடவில்லை. சில நரம்புகள் மட்டுமே பழுதாகியிருந்தன. நல்ல தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றித் தைக்கும் அறுவைமுறை அந்தக் கைப்பிடியிலிருந்து வளர்ந்தது. விரல்கள் தேய்ந்துபோவது நோயால் நேராக அன்று. வலி உணராததால் அறியாமல் படும் காயங்களால் என்பதையும் அவரும் அவர் குழுவினரும் நிறுவினர். 1950களில் காரிகிரியில் எழுந்த தொழுநோய் மையம் அப்பணியின் தொடர்ச்சி. எவர் கையை ஊரார் தொட மறுத்தார்களோ அவர் கையைப் பிடித்துப் பார்ப்பதில்தான் அந்த மருத்துவம் தொடங்கியது. கொல்லிமலையில் பிறர் புண்ணைக் கழுவும் பெற்றோரைப் பார்த்து வளர்ந்த பையன் அவர். மேலே கேட்ட இரண்டாவது கேள்விக்கு இங்கே ஒரு விடை கிடைக்கிறது. இறங்கியவரின் வழியில் வந்தவரால், மடங்கிக் கிடந்த விரல்கள் நிமிர்ந்தன.

இனி, என் மனத்தை உறுத்தும் பக்கம். எல்லா மகிமையும் கடவுளுக்கே என்று சொல்லும்போது அதைச் சொல்பவரின் பெயர் மறைவது அழகு. ஆனால் அவ்வாறு சொல்கிறவரின் பெயர் வரலாற்றில் நின்றுவிடுகிறது. அவரைச் சுமந்தவர்களின் பெயர்கள்தாம் மறைந்துபோகின்றன. 1913இல் மழையில் டோலி தூக்கியவர்கள் யார்? காய்ச்சல் காலத்தில் வழி காட்டியவர்கள் யார்? 93 வயதில் குதிரையேற முடியாமற்போன பிறகு, தூளி போலக் கட்டிய துணியில் ஈவ்லினைக் கிராமம் கிராமமாகத் தூக்கிச்சென்றவர்கள் மலைவாழ் மக்கள்தாம். தாழ்மையாக இருக்க அந்தச் சுமைகாரர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய தோள் இல்லாமல் இந்த வரலாற்றில் ஒரு காலடிகூட நகர்ந்திருக்காது.

நரம்புச் சிலந்தி நோயின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நீரிலுள்ள நுண்ணிய தெள்ளுப்பூச்சிகளோடு உட்சென்று, ஏறக்குறைய ஓர் ஆண்டு உடலில் வளர்ந்து, காலில் கொப்புளம் கிளப்பி வெளிவரும் புழு அது. ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். இழுத்தால் அறுந்து சீழ்கட்டும். குச்சியில் சுற்றி நாளுக்குக் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும். தந்தை அப்படிப் புழு எடுத்ததைத் தம் குழந்தைப் பருவ நினைவாகப் பால் பிராண்ட் எழுதியிருக்கிறார். நோய் வந்தவன் படிக்கிணற்றில் இறங்கிக் கால் நனைத்தால் நீரெல்லாம் கெடும். சுற்றுச்சுவர் எழுப்பிக் கயிற்றால் நீர் இறைத்தால் நோய் நிற்கும். ஜெஸ்ஸியும் ஈவ்லினும் இதை மலையில் ஓயாமல் சொன்னவர்கள். ஆனால் நாடு முழுவதும் அந்நோய் ஒழிந்தது 1980களில் தொடங்கிய அரசுத் திட்டத்தால். கடைசி நோயாளி 1996இல் பதிவானார். 2000இல் இந்தியா நோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் எத்தனை சுகாதாரப் பணியாளர்கள், எத்தனை கிணறு வெட்டியவர்கள், துணியில் நீரை வடிகட்டிய எத்தனை பெண்கள்! வெற்றியை ஒருவர் பெயரில் எழுதிவிடுவது வசதியானது. உண்மை அப்படி வசதியாக இருப்பதில்லை.

இந்த இடத்தில்தான் மாணவியின் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது. ஓரி நாணியதும் சரி, வன்பரணர் பாடியதும் சரி. நாணுவது செய்தவரின் கடமை. சொல்வது கண்டவரின் கடமை. இரண்டும் இடம் மாறினால்தான் கேடு. செய்தவரே தம்மைப் பாடத் தொடங்கினால் அது தற்புகழ்ச்சி. கண்டவர் வாய்மூடி இருந்தால் அது நன்றி மறப்பது. எல்லாம் கடவுள் செயல் என்று சொல்லி அந்த மௌனத்துக்குப் பக்தி வேடம் போட்டாலும் அது மறதிதான். ஈவ்லின் தம் வீட்டில் கண்ணாடி வைக்காதது அவருக்கு அழகு. நாம் அவரைத் தூக்கிய தோள்களைப் பற்றி எழுதாமல் விட்டால் நமக்கு அது அழகாகாது. பெயர்கள் கிடைக்காத இடத்திலும், இங்கே பெயர்கள் இருந்தன என்றாவது எழுதிவைக்க வேண்டும்.

1974 டிசம்பரில், 95 வயதில் ஈவ்லின் பிராண்ட் காலமானார். கொல்லிமலையில் கணவருக்கு அருகில் அடக்கம் செய்தார்கள். பெட்டி வேண்டாம், பயன்படுத்திய பருத்தித் துணி ஒன்றில் சுற்றி மண்ணில் வையுங்கள், உடல் மண்ணோடு சேரட்டும் என்பது அவர் விருப்பம். மலையாளி மக்களும் தம்மவர் இறந்தால் மண்ணில்தான் வைக்கிறார்கள். இலண்டன் மாளிகையில் தொடங்கிய இறக்கம் அந்தத் துணியோடு முடிந்தது. அதற்குக் கீழே இறங்க இடமில்லை.

நான் அவர் சமயத்தைச் சேர்ந்தவன் அல்லன். மகிமை யாருக்கு உரியது என்ற அவர் நம்பிக்கையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் அது தமக்குரியதன்று என்பதில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை. வரும் ஆண்டு 152ஆம் பாடலை நடத்தும்போது, ஓரி நாணிய இடத்தில் சற்று நிறுத்தி, அதே மலையின் இந்தக் கதையையும் மாணவர்களுக்குச் சொல்ல எண்ணியிருக்கிறேன். சொல்லி முடித்ததும், டோலி தூக்கிய நால்வரின் பெயர் என்ன ஐயா என்று யாராவது எழுந்து கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும் மாணவர் ஒருவர் அமைந்தால், பாடம் புரிந்துவிட்டது என்று கொள்வேன்.